முத்தழகுவின் இடது காது

மாரிச்செல்வத்தின் மீன் வண்டி ஊருக்குள் நுழைந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். நுழைந்த வண்டியை ஊரே கண் கொட்டாமல் பார்த்தது. பார்க்காதா பின்னே? நாலு வருஷத்துக்கு முன்னால், இதே ஊர்க் கண்மாய்க் கரையில் வைத்து தங்கையின் மாமனார் மூக்கையாவின் தம்பி மகனுடைய கையை உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனவன். வெளியே வந்த பிறகும் தங்கை ஜெயப்பிரியாவின் வாசலை மிதிக்காதவன். தொண்டியில் ஜாபர் சாதிக் பாயிடம் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். அப்பேர்ப்பட்டவனை மூக்கையாவே ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்.

அவருக்கு வேறு வழியில்லை. பேத்திக்குக் காது குத்த வேண்டும் என்றால் தாய்மாமன் மடி வேண்டும். அந்த மடி கிடைக்காததால்தான் முத்தழகு நாலு வயது முடிந்தும் மூளிக் காதோடு திரிந்தாள்.

"சீர்த்தட்டோட வா. கிடா வெட்டைப் பாரு, கறிச்சோத்தைத் தின்னு, போயிரு. கைய மட்டும் நீட்டுனேன்னு வையி, ஒன் தங்கச்சி எங்க வீட்ல இருக்க மாட்டா" என்று மூக்கையா சொல்லி அனுப்பியிருந்தார். மாரிச்செல்வம் சரியென்று தலையாட்டிவிட்டான். தங்கைக்காக அவன் எதற்கும் தலையாட்டுவான்.

அண்ணன் வந்த சந்தோஷத்தை அனுபவிக்க ஜெயப்பிரியாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. முத்தழகு அவள் தோளில் துவண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

பன்னிரண்டு நாளாக இடது காது பிள்ளையைப் படுத்தி எடுக்கிறது. முதலில் வலி, பிறகு சீழ். முதுகுளத்தூர் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா பத்து நாளைக்கு மருந்து கொடுத்து, "காதுக்குள்ள எண்ணெய், தண்ணி எதுவும் ஊத்தக் கூடாது" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாளே வலி நின்றது. "அதான் நின்னுருச்சே, பச்சப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டு மருந்து?" என்றான் புருஷன் முனீஸ்வரன். நிறுத்தச் சொன்னது அவன். நிறுத்தியது அவள். அதை நினைக்கும்போதெல்லாம் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

போன வலி, சேர்த்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தது. நேற்று சாயங்காலம் பிள்ளை அலறிய அலறலில் முனீஸ்வரன் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, அது ஆறுவதற்குள் காதில் ஊற்றிவிட்டான். பிள்ளையின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டவர் மூக்கையா. தடுக்கப் போன ஜெயப்பிரியா ஒரே தள்ளில் அடுப்படிச் சுவரில் போய் விழுந்தாள். ஊற்றியதோடு விட்டார்களா? பஞ்சை வேறு திணித்து அடைத்தார்கள்.

"சீழ் வருதா பாரு. ஒரு சொட்டு இல்ல. எங்கய்யா வைத்தியம்னா சும்மாவா?" என்று காலையில் முனீஸ்வரனுக்குப் பெருமை பிடிபடவில்லை. வெளியே வருகிற வழியை அடைத்துவிட்டு, வரவில்லை என்று சந்தோஷப்படுகிற மனுஷனிடம் என்னத்தைச் சொல்லுவது!

கருப்பர் கோயில் ஊருக்கு வெளியே இருந்தது. பக்கத்திலேயே மிளகாய்க் களம். காய்கிற வத்தலின் நெடி மூக்கைத் துளைத்தது. பந்தல், மைக் செட், மூன்று அடுப்பு, இரண்டு பறை. பங்காளிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஏழெட்டுப் பேர் அதிகாலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருந்தது அவர்கள் கண்ணிலேயே தெரிந்தது.

மாரிச்செல்வம் சீர்த்தட்டை இறக்கி வைத்துவிட்டு மருமகளை வாங்கிக்கொண்டான். வாங்கியதும் அவன் முகம் மாறியது.

"என்ன தாயி, இந்தக் காது இப்படி முன்னால தள்ளிக்கிட்டு நிக்கிது?"

"தோடு போடப் போறோம்னு காதுக்கே தெரிஞ்சுபோச்சு. அதான் நிமிந்து நிக்கிது" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாரிச்செல்வம் சிரிக்கவில்லை. காது மடலை மெல்ல விலக்கிப் பின்பக்கம் பார்த்தான். எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்து மினுமினுத்தது. விரல் படுவதற்கு முன்பே பிள்ளை வீரிட்டாள்.

"ப்ரியா, இப்பவே வண்டியில ஏறு" என்றான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "எங்க பாய் மக யும்னாவுக்கு இதே எடத்துல இப்படித்தான் வீங்குச்சு. நான்தான் மதுரைக்கு ஓட்டிட்டுப் போனேன். காதுக்குப் பின்னால எலும்பைத் தொறந்து சீழை எடுத்தாக. ஒரு நாள் தள்ளி வந்திருந்தா மூளைக்குப் போயிருக்கும்னு சொன்னாக."

அதற்குள் மூக்கையா வந்துவிட்டார்.

"எங்க கெளம்புறீக ரெண்டு பேரும்? குத்த வேண்டிய காதைக் குத்தாம நாலு வருசம் வச்சிருந்தா, சாமி அங்கனதான் கை வைக்கும். யாரால வச்சிருந்தோம்? மடி குடுக்காம ஜெயில்ல போயி உக்காந்தது யாரு? நேர்த்தியை முடிச்சா வலி தானாப் போயிரும்."

"மாமா, பிள்ளைக்கு ரொம்ப முடியலை மாமா…" என்றாள் ஜெயப்பிரியா.

"ஒரு மணி நேரம்மா. குத்துனதும் எங்க வேணா தூக்கிட்டுப் போங்க. முந்நூறு பேரைக் கூப்பிட்டு வச்சிருக்கேன். என் முகத்துல கரியப் பூசாதீக."

ஒரு மணி நேரம்தானே என்று அவள் சரியென்றாள். பாவி, சரியென்று சொன்னாள். அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு மணையில் போய் உட்கார்ந்தான்.

முதலில் கிடாய். அந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், உடனே வெட்டலாம். உதறாவிட்டால் சாமிக்கு மனசில்லை.

தெளித்தார்கள். கிடாய் அசையவில்லை. பூசாரி மறுபடியும் தெளித்தார். அது கழுத்து மாலையில் இருந்த வேப்பிலையைத் தின்றது. மூன்றாவது தடவை ஒரு செம்புத் தண்ணீரையே முதுகில் கவிழ்த்தார்கள். காதை மட்டும் ஆட்டிவிட்டு அப்படியே நின்றது.

கூட்டம் முணுமுணுத்தது. "ஆளு சரியில்லப்பா. ரத்தக் கறை பட்ட கையில பிள்ளையக் குடுத்தா சாமி எப்படி ஏத்துக்கிரும்?" என்று யாரோ ஒருவன் சத்தமாகவே சொன்னான். மூக்கையாவின் முகம் கறுத்தது. மாரிச்செல்வம் குனிந்த தலை நிமிரவில்லை.

"பிள்ளைக்கு மொட்டையப் போட்டுத் தண்ணியை ஊத்துங்கடா. அதுக்குள்ள உத்தரவு வந்துரும்" என்றார் மூக்கையா.

மாமன் மடியில் வைத்து மொட்டை அடித்தார்கள். கத்தி இடது பக்கம் வந்தபோது பிள்ளை கத்தக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள். பிறகு குடம் நிறைய மஞ்சள் தண்ணீர். கொதிக்கிற உடம்பில் அதைத் தலையோடு கொட்டினார்கள்.

முத்தழகு உதறினாள்.

கண் மேலே சொருகியது. பல் கிட்டிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை வந்தது.

"உதறிருச்சு! பிள்ளை உதறிருச்சு!" என்று பங்காளி ஒருவன் அலறினான். "கிடாய்க்குப் பதிலா சாமி பிள்ளை மேல எறங்கி உத்தரவு குடுத்துருச்சுடா!"

பெண்கள் குலவையிட்டார்கள். பறை வெறி பிடித்து முழங்கியது. அந்த நொடியிலேயே அரிவாள் இறங்கியது. கிடாயின் தலை புழுதியில் உருண்டது. பீய்ச்சி அடித்த ரத்தம் ஜெயப்பிரியாவின் காலை நனைத்தது.

"ஐயோ, இது சாமி இல்லங்க! வலிப்பு! பிள்ளைக்கு வலிப்புங்க!" என்று அவள் கத்தினாள். யார் காதில் விழுந்தது? காது வலிக்கிற பிள்ளைக்குக் காது குத்துவதைப் பார்க்க வந்த முந்நூறு பேரில் ஒருத்தருக்கும் காது கேட்கவில்லை.

மாரிச்செல்வம் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான். எழுந்தவனை முனீஸ்வரன் மறித்தான்.

"உக்காரு மச்சான். ஆசாரி ஊசியோட நிக்கிறாரு."

"மாப்ள, ஒன் காலுல வேணா விழுறேன். வழிய விடு. பிள்ளை செத்துரும்."

"நல்ல நாளும் அதுவுமா என் பிள்ளையச் செத்துரும்ங்கிற?"

இடையில் புகுந்த ஜெயப்பிரியாவின் கன்னத்தில் அறை விழுந்தது. அவளுக்குப் பந்தல் ஒரு சுற்று சுற்றியது. விழுந்தவள் எழுவதற்குள் பங்காளிகள் நாலு பேர் மாரிச்செல்வத்தின் மேல் பாய்ந்திருந்தார்கள். நாலு வருஷமாக இந்தக் கணக்கைத் தீர்க்கக் காத்திருந்தவர்களுக்கு இப்போது சாமியும் துணைக்கு வந்துவிட்டது.

பந்தல் கம்பு ஒன்று அவன் தலையில் இறங்கியது. அடுத்தது முதுகில். ஒருவன் இடுப்பில் மிதித்தான். அவன் திருப்பி அடிக்கவில்லை. அடிக்க அவனுக்குக் கை ஏது? இரண்டு கையையும் பிள்ளையைச் சுற்றிக் கட்டியிருந்தான். முட்டி போட்டுக் குனிந்து, விழுகிற அடியையெல்லாம் முதுகில் வாங்கினான். காய்ந்த வத்தலின் மேல் அவனைத் தள்ளி உருட்டினார்கள். மண்டையிலிருந்து வழிந்த ரத்தமும் மிளகாய்த் தூளும் கண்ணில் இறங்க, அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு அடுப்படி ஆட்கள்கூட ஓடி வந்தார்கள். ஒருவன் அவன் கைகளை விரல் விரலாகப் பிரித்தான். முனீஸ்வரன் பிள்ளையைப் பிடுங்கினான்.

பிடுங்கித் தன் மடியிலேயே போட்டுக்கொண்டான்.

"ஆசாரி, குத்து."

"இழுப்பு நிக்கட்டும்ப்பா" என்றார் ஆசாரி.

"குத்துங்கிறேன்ல!"

வலது காதில் ஊசி ஏறியது. குலவை இன்னும் உயர்ந்தது. பிறகு இடது காதுக்காகத் தலையைத் திருப்பி, அசையாமல் இருக்க முனீஸ்வரன் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். வீக்கத்தின் மேலேயே அழுத்தினான். பிள்ளையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. பெற்றவள் எவளும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டாள்.

ஜெயப்பிரியா நிற்கவில்லை. கிடாயின் பக்கத்தில் கிடந்த அரிவாளை எடுத்தாள். அவள் தேங்காய் வெட்டியிருக்கிறாள், கருவேல முள் வெட்டியிருக்கிறாள். அரிவாளின் கனம் அவள் கைக்குப் பழக்கம்தான். முனீஸ்வரன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது அவன் இடது தோளில் இறங்கியது.

அவன் கை தானாகப் பிள்ளையை விட்டது. வெள்ளைச் சட்டை ஒரு பக்கம் முழுக்கச் சிவந்துகொண்டே வந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான்.

பறை நின்றது.

அவள் பிள்ளையை இடது கையால் அள்ளினாள். வலது கையில் அரிவாள் அப்படியே இருந்தது.

"எவனாச்சும் கிட்ட வா. வாடா பாக்கலாம்! அண்ணே, எந்திரி. வண்டிய எடு!"

கூட்டம் விலகியது. இதுவரை ஒருத்தரும் ஏறிட்டுப் பார்த்துப் பேசாத மருமகளுக்கு முந்நூறு பேர் வழிவிட்டார்கள்.

மாரிச்செல்வம் ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு வண்டி ஓட்டினான். மறு கண் வீங்கி மூடியிருந்தது.

"பிள்ளைய ஒருக்களிச்சுப் படுக்க வையி. வாயில எதையும் குடுக்காத, தண்ணிகூட. நுரையை மட்டும் தொடச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வண்டிக்குள் ஐஸும் மீனும் நாறின. அவள் அரிவாளை எங்கே போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. முதுகுளத்தூர் எல்லை வரும்போது இழுப்பு நின்றது. ஆனால் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை.

அன்றைக்கு மருந்து கொடுத்த அதே டாக்டரம்மாதான் இருந்தார். ஊசி போட்டு, சலைன் ஏற்றி, காதுக்குள்ளிருந்த பஞ்சை எடுத்தார். எண்ணெயும் சீழுமாக வழிந்தது. மடலின் உள்பக்கம் வெந்து தோல் உரிந்திருந்தது.

"பத்து நாள் மருந்துல எத்தனை நாள் குடுத்தீங்க?"

"மூணு நாளுங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெயப்பிரியாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வலி நின்னாலும் கிருமி உள்ளயே இருக்கும்மா. அது காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள போயிருச்சு. மூளை வரைக்கும் போயிருச்சான்னு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். இங்க ஆபரேஷன் பண்ண வசதி இல்ல. நூத்தியெட்டுல உடனே மதுரைக்குப் போங்க. கூட ஒரு ஆள் மட்டும் ஏறலாம்."

"காது கேக்குமாங்க?"

"மொதல்ல உயிர். காதைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளியபோது வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் மாரிச்செல்வத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். பழைய கேஸ்காரன் அல்லவா!

"திருந்தவே மாட்டியாலே? மூக்கையா எழுதிக் குடுத்துட்டாரு. தங்கச்சி புருசனை நீதான் அரிவாளால வெட்டுனியாம். பத்துப் பேரு சாட்சி. அந்த ஆளு ராமநாதபுரத்துல நெனவு தப்பிக் கெடக்கான்."

ஜெயப்பிரியாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கியது. பொண்டாட்டி கையால் வெட்டு வாங்கினான் மகன் என்று மூக்கையாவால் எப்படி வெளியே சொல்ல முடியும்? ஊரில் தலை காட்ட முடியுமா? மச்சினன் வெட்டினான் என்றால் கௌரவத்துக்குப் பங்கம் இல்லை. முந்நூறு பேர் கண்ணால் பார்த்ததை முந்நூறு பேருமே மாற்றிச் சொல்லத் தயாராகிவிட்டார்கள்.

அவள் வாயைத் திறந்தாள்.

"ஆமா சார்" என்றான் மாரிச்செல்வம், அவளை முந்திக்கொண்டு. "நான்தான் வெட்டுனேன்." இரண்டு கையையும் நீட்டினான். மணிக்கட்டு முழுக்க நகக் கீறல்கள். பிள்ளையைப் பிடுங்கியபோது விழுந்தவை.

"அண்ணே…"

"வண்டியில ஏறு தாயி. பிள்ளைகூட ஒரு ஆளுதான் போகலாம்னாக. பெத்தவ போ."

அவள் ஏறினாள். ஒரு வார்த்தை பேசாமல் ஏறினாள். தான் எடுத்த அரிவாளுக்கு அண்ணன் கையில் விலங்கு பூட்டுவதை ஆம்புலன்ஸின் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவளைக் கோழை என்பீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள். அவளும் வழியெல்லாம் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பரமக்குடி தாண்டியபோது முத்தழகு கண்ணைத் திறந்தாள். "அம்மா" என்றாள். ஜெயப்பிரியா குனிந்து, கட்டுப் போட்ட இடது பக்கமாக அவள் பெயரைச் சொன்னாள். பிள்ளை திரும்பவில்லை. உரக்கச் சொன்னாள். அப்போதும் பிள்ளை மேலே ஆடுகிற சலைன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஆம்புலன்ஸ் ஊழியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் போன் அடித்தது. முனீஸ்வரனின் நம்பர். அவனுக்கு நினைவு திரும்பிவிட்டது போலும்.

"ப்ரியா" என்றான். மூச்சு வாங்கியது. "பிள்ளை… எப்படி இருக்கா?"

அவள் பிள்ளையின் காதுக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"போனை அவ காதுல வையி. ஒரு வார்த்தை பேசுறேன்."

"எந்தக் காதுல வைக்க?"

அவன் குரல் உடைந்து வந்தது. அழுதிருப்பான் போல.

"போலீஸ் வெளிய நிக்கிது. ஒங்க அண்ணன் பேரைச் சொல்லச் சொல்லுறாரு அய்யா. நான் என்ன சொல்ல? நீயே சொல்லு ப்ரியா."

ஜெயப்பிரியா பிள்ளையின் மொட்டைத் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். வலது காதில் புதிதாகக் குத்திய ஓட்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

"நான்தான் வெட்டுனேன்னு சொல்லுங்க" என்றாள். "எதுக்கு வெட்டுனேன்னும் சேத்துச் சொல்லுங்க. எண்ணெயில இருந்து ஆரம்பிங்க."

"ப்ரியா, அப்படிச் சொன்னா ஒன்னயப் பிடிச்சு—"

"மருந்தை நிறுத்துனது நானுன்னும் சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீக."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கையாவின் குரல், மிக அருகில்.

"யாருலே அது போன்ல? குடு இங்கன."